தலைக்கு வந்தது

குழு: வெல்லாவெளிக் குடும்பம்

கட்டார் அண்ணன், இரவு 7.40
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கருமங்களை முன்னின்று முடித்துத் தந்தமைக்கு நன்றி. ஒரு விடயம் மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. மூளையில் இரத்தக்கட்டி அடைத்த பாரிசவாதம் என்றார்கள். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் நியூமோனியா என்றும் எழுதியிருக்கிறது. தலைக்கு வந்த நோய் நெஞ்சில் முடிந்தது எப்படி?

தாதி அக்கா, இரவு 7.52
தம்பி, பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிடும். அப்போது வாயில் விடும் தண்ணீரோ பாலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். சிலருக்கு இருமல்கூட வராததால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது. முதல் சில நாட்களைத் தாண்டியவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோவது இந்த நெஞ்சுத் தொற்றும், அசையாமல் கிடப்பதால் காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் இரத்தக்கட்டியும், மறுபடி வரும் பாரிசவாதமும்தான்.

பெரியம்மா, இரவு 7.58
மகள், அன்று விடிய அவர் வாய் கோணிக் கிடந்தபோது களைப்பு என்று நினைத்து இளநீர் பருக்கியது நான்தான்.

தாதி அக்கா, இரவு 8.01
பெரியம்மா, அந்த இளநீரால்தான் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. பதினொரு நாள் படுக்கையில் கிடந்தவருக்குச் சொந்த எச்சிலே அப்படி இறங்கியிருக்கும். இனி யாருக்காவது இப்படி வந்தால், விழுங்குகிறாரா என்று வார்ட்டில் பார்த்துச் சொல்லும்வரை வாயில் எதுவும் விட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன். வீட்டில் இருக்கும் அஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது, கசிவாக இருந்தால் அந்தக் குளிசை அதைக் கூட்டிவிடும்.

மாமா, இரவு 8.10
நேரத்தை நானும் கணக்குப் பார்த்தேன். அத்தான் இரவு பத்து மணிக்கு என்னோடு தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் படுத்தார். விடிய நாலரைக்கு அக்கா கண்டார். யானை நிற்கும் நேரம், வெளிச்சம் வரட்டும் என்று ஓட்டோத் தம்பி சொன்னார். வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரையில் இருந்துகொண்டு அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியார் வந்து எண்ணெய் போட்டார். அதன் பிறகே பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினோம். முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேன் இல்லாததால் அங்கிருந்து மாற்றி அனுப்பி, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் சேரும்போது பதினொரு மணி. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க எங்களில் ஒருவருக்குமே தோன்றவில்லை.

கட்டார் அண்ணன், இரவு 8.14
அப்படியானால் யானையும் எண்ணெயும்தான் அப்பாவைக் கொண்டுபோயினவா?

தாதி அக்கா, இரவு 8.26
அப்படிச் சொல்வது எளிது. ஆனால் கணக்கு வேறு மாதிரி. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தை நாம் கண்ட நிமிடத்திலிருந்து எண்ணுவதில்லை, அவர் கடைசியாகச் சுகமாக இருந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். பத்து மணி என்றால், அதிகாலை இரண்டரைக்கே, அதாவது பெரியம்மா கண்விழிப்பதற்கு முன்பே, அந்த வாசல் மூடிவிட்டது. பாரிசவாதங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இப்படித் தூக்கத்தில்தான் வருகிறது. அதற்காக விரைந்து போவதில் பயன் இல்லை என்று நினைக்காதீர்கள்: பயிற்சி பெற்றவர்கள் முதல் நாளிலிருந்தே விழுங்குவதையும் பிரஷரையும் சீனியையும் காய்ச்சலையும் கவனித்தால், ஊசி கிடைக்காதவர்களிலும் கூடுதலானோர் பிழைக்கிறார்கள். ஆனால் பெரியப்பாவை நாம் அந்த இரவில் இழக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். அவர் பிரஷர் குளிசையைத் தொடர்ந்து எடுத்தாரா?

மாமா, இரவு 8.33
வெள்ளாமை வெட்டும் காலத்தில் கிளினிக்குக்கு எங்கே போனார்? குளிசை இலவசம்தான், மகள். ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்பி வரும்போது பின்னேரம் ஆகிவிடும். தலையிடிகூட இல்லாத ஒரு நோய்க்காக ஒரு நாள் கூலியை விடச் சொன்னால், கடனுக்கு வயல் செய்கிற மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2022இல் சில குளிசைகளை வெளியே பார்மசியில் வாங்கச் சொன்னதிலிருந்தே அவர் ஒன்றை இரண்டாக உடைத்துப் போடப் பழகிவிட்டார்.

கட்டார் அண்ணன், இரவு 8.36
இது எனக்குத் தெரியாது. பணம் அனுப்பும்போதெல்லாம் நான் விதைநெல்லையும் உரத்தையும் பற்றித்தான் கேட்டிருக்கிறேன்.

பெரியம்மா, இரவு 8.47
அவருடைய கிளினிக் கொப்பியை இப்போதுதான் தகரப் பெட்டிக்குள் இருந்து எடுத்தேன். கடைசியாகப் பதிந்திருப்பது தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை. அதன் பிறகு ஏழு மாதம் வெறும் தாள்.

தாதி அக்கா, இரவு 8.49
பெரியம்மா, உங்களுக்கும் பிரஷர் இருக்கிறதல்லவா? உங்கள் கொப்பி எங்கே?

பெரியம்மா, இரவு 8.55
அதுவும் இந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது, மகள்.

மாமா, இரவு 8.56
வியாழக்கிழமை கிளினிக் நாள். ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளோடு வாசலுக்கு வருவேன், அக்கா. கொப்பியை வெளியே எடுத்து வையுங்கள்.