பள்ளிச் சேர்ந்திசை: சுருதி, பக்கவாத்தியம், மேடை (அனுபவப் பகிர்வு)

வாய்ப்பாட்டு ஆசிரியை:
ஆண்டு விழாவுக்குப் பாட்டை முடிவு செய்துவிட்டு அப்புறம் சுருதி (பாட்டுக்கு ஆதாரமான ஸ்வர உயரம்) தேடுகிறார்கள். சுருதியை முதலில் வையுங்கள். 6 முதல் 9ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 5 அல்லது 5½ கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு; 1 கட்டை C, 5 கட்டை G) ஒத்துவரும். அதில் மந்திர பஞ்சமம் (ஆதார ‘ச’வுக்குக் கீழே வரும் ‘ப’) வரை இறங்கும் பாட்டு வேண்டாம், வெறும் காற்றுதான் வரும். மந்திர நிஷாதத்துக்கு (ஆதார ‘ச’வுக்குச் சற்றுக் கீழே உள்ள ‘நி’) கீழே போகாத பாட்டாகப் பாருங்கள்.

குரல் உடையும் பையன்கள்தான் சிக்கல். 5 கட்டையில் மேலே எட்டாது. ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையுள்ள அளவு) இறக்கினால் ஷட்ஜமே (‘ச’) அடித்தொண்டைக்குப் போய்விடும். வாயை மட்டும் அசைக்கச் சொல்லி நிற்கவைப்பது பாவம். இறக்கிப் பாடினாலும் பஞ்சமத்துக்கு மேலேயே நிற்கும் அனுபல்லவி (பல்லவிக்கு அடுத்த பகுதி) வரிகளை அவர்களுக்குக் கொடுங்கள். அதுவும் வராவிட்டால் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்வது.

மிருதங்க ஆசிரியர்:
5 கட்டை என்றால் ஹெச்சு மிருதங்கம் (உயர்ந்த சுருதிக்கானது) வேண்டும். பள்ளி அலமாரியில் கிடப்பது பெரும்பாலும் தக்கு (தாழ்ந்த சுருதிக்கானது). அதை அடித்து அடித்து ஏற்றினால் தோல்தான் போகும், சுருதி சேராது. மழைநாளில் தோல் தளர்ந்து இறங்கும், மேடை விளக்குச் சூட்டில் ஏறும். அதனால் வகுப்பறையில் சேர்த்தது போதாது, மேடைக்குப் பக்கத்தில் இன்னொரு முறை பாருங்கள். தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ரவைப் பசையை ரொம்ப முன்னாலேயே ஒட்டினால் காய்ந்து உதிரும்.

இன்னொன்று: சமத்தில் (தாளத்தின் முதல் தட்டிலேயே) எடுக்கும் பாட்டே முதல் வருஷத்துக்குப் போதும். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தட்டிலிருந்து அரை இடம் தள்ளி இருந்தால் பாதிப் பேர் முந்திவிடுவார்கள். அப்படிப்பட்ட பாட்டுதான் வேண்டும் என்றால், தாளம் போட்டபடி பல்லவியின் முதல் சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், முழு வரி வேண்டாம்.

கீபோர்டு, வயலின் ஆசிரியர்:
கீபோர்டில் பிள்ளைகள் 1 கட்டையில் வாசித்துப் பழகியிருப்பார்கள். டிரான்ஸ்போஸ் (சுருதியை மாற்றும் வசதி) +7 அல்லது -5 வைத்தால் 5 கட்டை. பல கீபோர்டுகளில் கரண்ட் போய் வந்தால் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், முதல் ஸ்வரத்திலேயே மானம் போகும். பேட்டரி போட்டு வையுங்கள். தோடி, ஆனந்தபைரவி ராகங்கள் பக்கம் போகாதீர்கள், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் அவை நிற்காது. மோகனம், ஹம்ஸத்வனி தாங்கும். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள் மேற்கத்திய மெட்டில், சங்கராபரண ஸ்வரங்களில் நேராக நடப்பவை. கீபோர்டும் வயலினும் சேர்ந்த குழுவுக்கு அதைவிடப் பொருத்தம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வயலின்களை ஒருவர் பின் ஒருவராகச் சேர்க்கவும். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் யாருக்கும் எதுவும் கேட்காது. மேல்தந்தி குறைந்தது இரண்டு உபரியாகக் கையில் இருக்கட்டும்.

வாய்ப்பாட்டு ஆசிரியை:
சுருதிப் பெட்டியைச் சபை பார்த்த ஸ்பீக்கரில் மட்டும் விட்டால் பாடும் பிள்ளைகள் காதில் விழாது, இரண்டாவது சரணத்துக்குள் குழு மொத்தமும் இறங்கிவிடும். பிள்ளைகளைப் பார்த்து ஒரு மானிட்டர் வைக்கும்படி மைக்செட்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.