லூப் மாறியும் குளோஷரும்: யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. சின்னதாக ஒரு நிரல்மொழி உருவாக்கி வருகிறேன். கம்பைலர் பைட்கோடு (இடைநிலைக் கட்டளைகள்) தரும், அதை ஸ்டேக் விஎம் (ஸ்டேக் வைத்து இயங்கும் மெய்நிகர் இயந்திரம்) ஓட்டும். இப்போது குளோஷரில் (வெளியே உள்ள மாறியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்) வேலை நிற்கிறது.

ஃபார் லூப்புக்குள் மூன்று ஃபங்ஷன்கள் உருவாக்கி, அப்புறம் கூப்பிட்டால் 0, 1, 2 வராமல் 3, 3, 3 வருகிறது. மூன்றும் ஒரே மாறியைப் பிடித்திருக்கின்றன. சி ஷார்ப் மொழி 2012-இல் ஃபாரீச் லூப்பிலும், கோ மொழி 2024-இல் 1.22 பதிப்பிலும் சுற்றுக்கு ஒரு புது மாறி என்று மாற்றிக்கொண்டன. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அப்படியானால் லூப் மாறியின் ஒவ்வொரு கூட்டலுக்கு (i++ போல) முன்பும் மாறியை நகல் எடுக்க வேண்டும். குளோஷர் இல்லாத லூப்புகளுக்கு அது வீண் செலவு. ஆனால் என்னுடையது ஒரே பாஸ் கம்பைலர்; நிரலை ஒரே முறை படித்துக்கொண்டே பைட்கோடு எழுதிவிடும். கூட்டல் பகுதி லூப்பின் உடலுக்கு முன்பே கம்பைல் ஆகிவிடுவதால், மாறி பிடிபடுமா என்பது அப்போது தெரியாது.

பின்னால் வந்து பைட்கோடைத் திருத்துவதா, இல்லை முதலில் ஏஎஸ்டி (நிரலின் அமைப்பைக் காட்டும் மரம்) கட்டிவிடுவதே நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.