பேட்ஜ் (ஒரு விமானப்படை அணியோட முத்திரை), ரவுண்டல் (எந்த நாட்டு விமானம்னு காட்ட அது மேல வரையற வட்டம்), தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே "சின்னம்" போதுமா?

> "அணிப்பொறி"ன்னு வைங்களேன், புலிப்பொறி கயற்பொறி மாதிரி அழகா இருக்கும்

அண்ணே, அழகுதான், ஒத்துக்கறேன். புகார்ல சரக்கு மூட்டை மேல புலி பொறிச்சு அனுப்பினதா பட்டினப்பாலைல வருதே, அதிகாரம் இருக்கறவங்க குத்தற அடையாளம்ங்கற பொருள் அச்சா பொருந்துது. ஆனா நான் மொழிபெயர்த்துட்டு இருக்கறது விமானக் கட்டுரை. "617-ஆம் ஸ்குவாட்ரனின் அணிப்பொறி"ன்னு (ஸ்குவாட்ரன்னா விமானப்படை அணி, இது பிரிட்டிஷ்காரங்களோடது) போட்டா படிக்கறவன் நேரா எஞ்சினுக்குப் போயிடுவான், அதே பக்கத்துல லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தோட நாலு எஞ்சின் பத்தி வேற வருது. பொறியியல்காரங்க அந்தச் சொல்லை எப்பவோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, இனிமே திருப்பிக் கேக்க முடியாது.

அக்கா சொன்ன "கண்ணி" (தலையில சூடற பூமாலை) எனக்கு இன்னும் பிடிச்சுது. எதிரெதிரா நிக்கற படையில எது யாரோடதுன்னு தெரியணும்னுதான் சேர, பாண்டிய, சோழர் படைங்க பனம்பூ, வேம்பு, ஆத்தின்னு சூடிக்கிட்டாங்கன்னு தொல்காப்பியத்துலயே இருக்கே, ரவுண்டலோட வேலையும் அச்சு அசல் அதேதான். 1914-ல பிரிட்டிஷ்காரங்க றெக்கைக்கு அடியில அவங்க கொடியை வரைஞ்சு பாத்தாங்க, தூரத்துலேர்ந்து அதுல இருக்கற சிலுவை மட்டும் தெரிஞ்சு ஜெர்மன்காரன் சிலுவை மாதிரியே இருந்ததால சொந்தப் படைக்காரங்களே சுட ஆரம்பிச்சாங்க, அப்புறம்தான் பிரெஞ்சுக்காரங்க வட்டத்தை எடுத்து நிறத்தை உள்ள வெளிய மாத்திப் போட்டாங்க. ரெண்டாம் போர்ல பர்மா பக்கம் இன்னொரு கூத்து, நடுவுல இருந்த சிவப்பு ஜப்பான்காரன் சிவப்பு வட்டம் மாதிரி தெரியுதுன்னு அதையே எடுத்துட்டாங்க, நம்ம விமானப்படை உட்பட. ஆனா போர்க் கட்டுரைல "கண்ணி"ன்னா கண்ணிவெடிதான் ஞாபகம் வரும். "விமானத்தில் கண்ணி வரையப்பட்டிருந்தது"ன்னு எழுதிப் பாத்தேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. "வட்டு" போடலாம்னா குறுவட்டு வன்வட்டு எல்லாம் குறுக்க வருது. அதனால ரவுண்டலுக்கு வெறும் "வட்டக்குறி", அலங்காரம் ஒண்ணும் வேணாம்.

இப்ப பேட்ஜ். இது வேற சங்கதி, நாட்டைக் காட்டறதுக்கில்ல, அந்த ஒரு ஸ்குவாட்ரன் என்ன செஞ்சுதுன்னு காட்டறது. 617-ஓடதைப் பாருங்க. வட்டச் சட்டம், மேல கிரீடம், கீழ ஒரு சுருள்ல வாசகம், இந்தச் சட்டகம் 1936-லேர்ந்து எல்லா ஸ்குவாட்ரனுக்கும் பொது. உள்ள இருக்கறதுதான் சொந்தக் கதை, ஒரு அணைச் சுவர் நடுவுல உடைஞ்சிருக்கு, மேலேர்ந்து மூணு மின்னல் இறங்குது, உடைப்புல தண்ணி கொட்டுது. 1943 மே 16 ராத்திரி 19 லான்காஸ்டர் கிளம்பி ஜெர்மனியோட மோனே, ஏடர் அணைகளை உடைச்சது, அதுல 8 திரும்பல, 53 பேர் செத்தாங்க. கீழ இருக்கற பிரெஞ்சு வாசகம் "எனக்குப் பின் பெருவெள்ளம்". நான் போனப்புறம் எது எப்படிப் போனா எனக்கென்னங்கற அலட்சியப் பேச்சு அது, பதினஞ்சாம் லூயி அரண்மனைக் காலத்தோடதுன்னு சொல்வாங்க, இவங்க கைல வந்து நிஜ வெள்ளமாயிடுச்சு. அந்த வெள்ளத்துல ஆயிரத்துக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய பேர் கட்டாய வேலைக்குப் பிடிச்சுட்டு வந்த வெளிநாட்டுக்காரங்க. பேட்ஜ்ல தண்ணி மட்டும்தான் இருக்கு.

இதுக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரே ஒப்புதல் கொடுத்திருக்கார். அதனாலதான் "இலச்சினை" பக்கம் சாயறேன். அதுல அரச முத்திரைங்கற வாசம் இன்னும் இருக்கு, சும்மா யாரோ வரைஞ்ச படம் இல்ல, மேலிடத்துல ஒத்துக்கிட்டதுன்னு சொல்லாமலே தெரியுது. ஈழத்து வழக்குல அரச இலச்சினைன்னு சாதாரணமாவே புழங்குது. "அணி இலச்சினை"ன்னு பிரிச்சே எழுதறேன், சேத்து எழுதினா வாய்க்குள்ள நுழையல.

தோள்ல தைக்கற துணிக்கு "பேட்ச்"தான், அதை யாரும் மாத்த வேணாம்.

மாட்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. விமானத்தோட மூக்குல வீரர்களே பெயிண்ட் எடுத்து வரைவாங்களே, பொண்ணு படம், குண்டுக் கணக்கு, கார்ட்டூன், எந்த ராஜாவும் கையெழுத்து போடாத சமாச்சாரம், அதுக்கு "மூக்கோவியம்"னு எழுதியிருக்கேன். தம்பி ஒருத்தர் படிச்சுட்டு மூக்குல பச்சை குத்திக்கறதான்னு கேட்டார். "முகப்போவியம்"னா கட்டட முகப்பு மாதிரி ஆயிடுது. வேற ஏதாவது தோணினா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா மூக்கோவியமே போயிடும்.