வைரப் படலம் எச்.எஃப். (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்)ல செதில் செதிலா வருது, உதவி வேணுமுங்க

பீளமேட்டு ஆய்வாளன்:
வணக்கமுங்க. கோயமுத்தூர்ல பி.எச்டி. பண்றேன். 1 மைக்ரான் ஆக்சைடு இருக்கற சிலிக்கான் வேஃபர் (மெல்லிசு தட்டு) மேல ஹாட் ஃபிலமெண்ட் சி.வி.டி.ல, அதாவது சூடான கம்பியால வாயுவை உடைச்சுப் படலமாப் படிய வைக்கற முறையில வைரம் வளர்த்து, அதுல நுண் கேண்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடிச்சு, மறுமுனை அந்தரத்துல நிக்கற சட்டம்) வெட்டணும். டங்ஸ்டன் கம்பி 2100 டிகிரி, வேஃபர் 750 டிகிரி, ஹைட்ரஜன்ல 1.5 சதவீதம் மீத்தேன், ஆறு மணி நேரம். கனம் 2 மைக்ரான் வந்துது. லேசர் ஒளியால பொருளைக் கண்டுபிடிக்கற ராமன் சோதனையில, வைரத்துக்கு உரிய 1332 செ.மீ.⁻¹-ல கோடு கூரா நிக்குது, வைரந்தான். வெட்டக்கூடாத இடத்தை மறைக்க அலுமினியம் மாஸ்க் போட்டு ஆக்ஸிஜன் பிளாஸ்மாவுல வெட்டறதும் சுத்தமா வருது.

கேண்டிலீவர் அந்தரத்துல நிக்கறதுக்காக அடியில இருக்கற ஆக்சைடைக் கரைக்க எச்.எஃப்.ல விட்டா மட்டும் பத்து நிமிஷத்துல எல்லாம் போயிருது. வெட்டாத இடங்கூட உரிஞ்சு மிதக்குது. மூணு வேஃபர் போச்சு. எங்க தப்புன்னே தெரியலீங்க.

நொய்யல் கரை:
ஏனுங்க, சிலிக்கான்லயே பண்ணிரலாமுங்களே?

பீளமேட்டு ஆய்வாளன்:
பம்ப் மோட்டார் பேரிங் பக்கத்துல வைக்கற அதிர்வு சென்சார் இது. வைரத்துல ஒலி வேகம் சிலிக்கான விட சுமார் ரெண்டு மடங்கு. அதே நீளத்துக்கு அதிர்வெண்ணும் அப்படியே ஏறும். அதோட பேண்ட் கேப் (எலெக்ட்ரான் விடுபட்டு மின்சாரம் கடத்தத் தேவையான ஆற்றல்) 5.47 எலெக்ட்ரான் வோல்ட். சூட்டுல சிலிக்கான்ல மின்சாரம் கசியற இடத்துலயும் இது தாங்கும். அப்புறமா போரான் கலந்து அதே கேண்டிலீவர்லயே மின்தடை சென்சாரும் போடணும்னு ஆசைங்க.

கணபதி பட்டறை:
தம்பி, எச்.எஃப். வைரத்தைத் தொடாது. படலத்துல ஓட்டை இருக்கோணும், அது வழியா அமிலம் உள்ள போகுது. ஒரு சின்னத் துண்டை ரெண்டே நிமிஷம் விட்டு எடுத்து, கழுவி, மைக்ராஸ்கோப்ல பாருங்க. கையுறை, எச்.எஃப். பட்டா தடவற கால்சியம் குளுக்கோனேட் ஜெல் ரெண்டும் பக்கத்துல இல்லாம அந்த பாட்டிலத் திறக்காதீங்க.

பீளமேட்டு ஆய்வாளன்:
பாத்தேனுங்ணா. படலம் பூரா வட்டம் வட்டமா, ஒவ்வொண்ணுலயும் வானவில் மாதிரி நிற வளையம். நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி.

கணபதி பட்டறை:
அந்தப் புள்ளிதான் ஓட்டை. சுத்தி ஆக்சைடு கரைஞ்சு படலம் அந்தரத்துல நிக்குது, அதான் நிறம் காட்டுது. வைரம் தானா சிலிக்கான் மேல முளைக்காது. முன்னாடியே வைரத்தூளை விதையாத் தூவோணும், அந்த விதை விழாத இடத்துல பக்கத்துப் படிகங்க வந்து சேராம பொந்து நிக்கும். விதை எப்படிப் போட்டீங்க? எந்தத் தண்ணியில?

பீளமேட்டு ஆய்வாளன்:
5 நானோமீட்டர் டெட்டனேஷன் (வெடிமருந்தை வெடிக்க வெச்சு எடுக்கற) வைரத்தூள், அல்ட்ராசோனிக்ல அரை மணி நேரம். எங்க லேப்ல டி.ஐ. (அயனி நீக்கின தண்ணி) பிளாண்ட் ரெண்டு மாசமா பழுது. அதனால போர் தண்ணியை வடிகட்டி ஊத்தினேன். இப்பப் பாட்டில் அடியில சாம்பல் நிறத்துல திப்பி தங்கியிருக்கு.

கணபதி பட்டறை:
பிடிபட்டுது. அந்தத் தூள் தண்ணியில மிதந்து நிக்கறதே மின்னூட்டத்தாலதான். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். நம்மூரு உப்புத் தண்ணியில இருக்கற அயனிங்க அந்தத் தள்ளலைக் கெடுத்துரும். தூள் கட்டி கட்டியாச் சேந்து அடியில எறங்கிரும், வேஃபர் மேல அங்கொண்ணு இங்கொண்ணுதான் ஒட்டும். வடிகட்டினா மண்ணு போகும், உப்பு போகாது. சிறுவாணித் தண்ணியும் இதுக்கு ஆகாது. டி.ஐ. தண்ணி எங்கயாச்சும் வாங்கியாங்க. இன்னொண்ணு: ஆக்சைடு தண்ணியில எதிர் மின்னூட்டம் எடுக்கும். அதனால ஹைட்ரஜன்ல சூடாக்கின, நேர் மின்னூட்டம் உள்ள தூளாப் பாத்து எடுத்தா அதுவே போய் ஒட்டிக்கும்.

நான் கட்டிங் டூல்ல வைரம் ஏத்தறவன், உங்க கேண்டிலீவர் எனக்குப் புதுசு. விதைக்கற கதை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

பீளமேட்டு ஆய்வாளன்:
பன்னெண்டு நாள் ஆச்சுங்க. டி.ஐ. தண்ணி, ஹைட்ரஜன் ஏத்தின தூள். வட்டம் ஒண்ணுகூட இல்லை! 100 மைக்ரான் நீளத்து கேண்டிலீவரெல்லாம் நேரா நிக்குது. 300 மைக்ரான்ல மட்டும் நுனி மேல தூக்குது. ரொம்ப நன்றிங்ணா.

கணபதி பட்டறை:
சந்தோசம் தம்பி. நுனி தூக்கறது வேற விசயம். அடிப்பக்கம் படிகம் பொடிசு, வளர வளர மேல பெருசாகுது. அதனால மேலயும் கீழயும் உள்தகைவு வேறவேறயா நிக்கும், அடியில ஆக்சைடு போய் விடுபட்டதும் வளையுது. படிகம் மேல வரைக்கும் பொடிசாவே இருக்கற மாதிரி வளருங்க. அமெரிக்காவுல ஆர்கான் (Argonne) தேசிய ஆய்வகத்துல, ஆர்கான் (argon) வாயுவை அதிகமா விட்டு அப்படித்தான் பண்ணினாங்க, படிகம் 5 நானோமீட்டர் அளவுலயே நிக்கும்.

பீளமேட்டு ஆய்வாளன்:
ஆர்கான் சிலிண்டர் சொல்லியாச்சுங்க. புதன்கிழமை வருது, வளர்த்ததும் படத்தோட போடறேன்.