‘எடையேற்றம்’ வேண்டாம், ‘எடைகட்டு’ இருக்கிறது

அன்புள்ள ஐயா, வணக்கம்.

குளிர்ந்த நீரில் ஸ்கூபா மூழ்குவோர் அணியும் உடைக்கு ‘ஈர உடை’ என்றும், அவர்கள் இடுப்பில் ஈயம் கட்டிக்கொள்வதற்கு ‘எடையேற்றம்’ என்றும் கலைச்சொல் பட்டியலுக்குத் தாங்கள் முன்மொழிந்த இரண்டுமே எனக்கு நெருடுகின்றன. ஒருவர் ஈர உடையோடு நிற்கிறார் என்றால், ஊருணியில் முழுகிவிட்டு நடுங்குகிறார் என்றே எங்கள் பக்கம் பொருள்கொள்வார்கள். அந்த உடைக்குள் சிறிது நீர் புகுவது உண்மைதான். ஆனால் குளிரை முதன்மையாகத் தடுப்பவை நியோப்ரீன் ரப்பரில் அடைபட்ட வாயுக் குமிழிகள். ஆகவே ‘நுரையுடை’ என்கிறேன். நீரே புகாத மற்றவகை உடைக்கு ‘உலருடை’ போதும்.

எடையைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். காரைக்குடியில் செக்கெண்ணெய்க் கடை வைத்திருந்த என் தந்தையார், வாடிக்கையாளர் கொண்டுவரும் தூக்குச்சட்டியை ஒரு தட்டில் வைத்து, தராசு முள் நேராக நிற்கும் வரை மறுதட்டில் சிறு கற்களையும் துருப்பிடித்த ஆணிகளையும் இட்ட பிறகே எண்ணெயை நிறுப்பார். இதற்கு எடை கட்டுதல் என்று பெயர். மூழ்குபவர் செய்வதும் இதுவே. நுரையுடையின் மிதப்பை ஈயத்தால் ஈடுகட்டுகிறாரே தவிர, தம்மைக் கனமாக்கிக்கொள்வதில்லை. முத்துக்குளித்தவர்கள் பயன்படுத்திய கல் விரைந்து அமிழ்வதற்கானது என்பதால், ‘அமிழ்கல்’ என்னும் சொல்லும் இங்கே பொருந்தாது.

தூக்குச்சட்டியின் எடை மாறாது, நுரையுடையின் மிதப்போ மாறுமே என்று தாங்கள் கேட்கலாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிக் குமிழிகள் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்குவதால், உடையின் மிதப்பும் கதகதப்பும் சேர்ந்தே குறைகின்றன. அந்த மிதப்பை மிதப்புச் சட்டையில் காற்றைச் செலுத்திச் சரிசெய்வார்கள், ஈயத்தைத் தொடுவதில்லை. முதுகில் சுமக்கும் உருளையிலுள்ள மூச்சுக்காற்று தீரத் தீர உருளை 2 கிலோ அளவுக்கு இலேசாகிவிடும். எனவே, நார்வேயில் மூழ்கும் என் தங்கை மகன், உருளையின் காற்றழுத்தம் 50 ‘பார்’ என்னும் அளவுக்கு இறங்கியதும் மிதப்புச் சட்டையை வெறுமையாக்கி, இயல்பான மூச்சை உள்ளே நிறுத்தி, நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பானாம். தராசு முள்ளைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றே.

ஏரியில் சரியாகக் கட்டிய எடை, அடர்த்தி மிகுந்த கடல்நீரில் போதாது. அதைக் ‘குறைகட்டு’ எனலாம், எதிர்நிலையை ‘மிகைகட்டு’ எனலாம். ஒற்று மிகுத்து ‘எடைக்கட்டு’ என்று எழுதினால் எடைக்கற்களின் மூட்டை என்றாகிவிடும்; ஆகவே பட்டியலில் ஒற்றின்றியே சேர்க்க வேண்டுகிறேன்.