ரகரமா, துணைக்காலா? காகிதத்தைக் கைபேசியில் எழுத்தாக்கிய அனுபவங்கள்

பழைய ஆண்டுமலர் ஒன்றின் கட்டுரைகளைத் திருத்தக்கூடிய கோப்பாக மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூகுள் லென்ஸில் பக்கத்தைப் படம் பிடித்து, எழுத்துகளை நகலெடுத்து ஒட்டினேன். நொடிகளில் முடிந்த வேலை. மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் பொழுது போனது.

‘காடு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கரடு’ இருந்தது. துணைக்காலின் அடியில் மைப்பொட்டு ஒட்டியிருந்தால் செயலிக்கு அது ரகரம். ரகரத்தின் அடிக்கோடு தேய்ந்து புள்ளியும் மங்கியிருந்தால், ‘பலர்’ நேராகப் ‘பலா’ ஆகிவிடுகிறது. கரடும் பலாவும் அகராதியில் உள்ள சொற்கள், பிழைதிருத்தி கண்டுகொள்ளாது. அபத்தமான பிழைகளைவிட இப்படி யோக்கியமாக வேடமிட்டு வரும் பிழைகளைக் கண்டால்தான் எனக்குப் பயம். கடைசியில் ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துத் திருத்தினோம். எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று. 3 என்பது 8 ஆகிவிட்டால் வாக்கியம் காட்டிக்கொடுக்காது.

*

ஓரிரு பக்கங்களுக்கு லென்ஸ் போதும். முழு நூலுக்கு நான் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்து எழுத்தாக்குகிறேன். கைபேசிச் செயலியில் அந்த வசதியைத் தேடிச் சலித்துப்போய், உலாவியில் கணினிப் பார்வைக்கு மாறிச் செய்தேன். படம் 2 எம்பிக்குள் இருப்பது நல்லது என்று கூகுளே சொல்கிறது. கைபேசிப் படங்கள் பெரும்பாலும் அதைத் தாண்டும் என்பதால் முதலில் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டில் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் என்றால் ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் இடப்பக்க வரியின் வாலில் வலப்பக்க வரி வந்து ஒட்டிக்கொள்ளும். நம் அச்சு நூல்களில் வரியோரத்தில் சொல்லை உடைக்கும்போது பெரும்பாலும் இணைப்புக்கோடு போடுவதில்லை. எனவே ‘வந்து’ என்று ஒரு வரி முடிந்து அடுத்தது ‘விட்டான்’ என்று தொடங்கினால், சேர்ப்பதா பிரிப்பதா என்று மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். வரிமுறிவுகளை ஒரே கட்டளையில் நீக்கும் சோம்பேறித்தனம் இங்கே எடுபடாது.

*

1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் ஒன்றையும் இப்படி எழுத்தாக்கிப் பார்த்தேன். அதில் பழைய வடிவ எழுத்துகள்: தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை; சுழித்த ணா, றா, னா. நான் முயன்ற செயலிகள் இவற்றை வேறு எழுத்துகளாகவே வாசித்தன. ஒரே நூலுக்குள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தவறியது மட்டும் ஆறுதல். முதல் சில பக்கங்களில் எது எதுவாக மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு தேடி மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்துத்தான் ஒப்ப வேண்டியிருந்தது.

அந்த நூலோடு வந்த கையெழுத்துக் குறிப்புகளைப் படம் பிடிக்கவே இல்லை. விசைப்பலகையின் ஒலிவாங்கியை அழுத்தி நானே வாசித்தேன். நிறுத்தற்குறிகளைப் பிறகு போட்டுக்கொண்டாலும், அதுவே விரைவாக முடிந்தது.