மறு: மறு: 'பேக் கம்ப்ரஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, தம்பியின் மாமா வண்டி மட்டும் அப்படியே நிற்கிறது. எனவே முதலில் வண்டி, அப்புறம் சொல்.

> மாமாவோட பழைய டாடா லாரி, 697 எஞ்சின். காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ஏத்தத்துல இழுவை இல்ல. ஒரு போர்ல பேக் கம்ப்ரஷன் அடிக்குதுன்னு மெக்கானிக் சொல்றார். அடுத்த எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) வரைக்கும் ஓட்டியாகணும். இதுக்குத் தமிழ்ல என்ன பேர்?

697 என்றால் ஆறு சிலிண்டர் (பட்டறையில் 'போர்' என்பது இதைத்தான்), ஒவ்வொன்றும் 97 மி.மீ. விட்டம். கணக்கு பெயரிலேயே இருக்கிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக இறுக்குகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தோ, உடைந்தோ, கரி பிடித்துக் காடியில் ஒட்டிக்கொண்டோ போனால் இறுக்கின காற்று பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் நடுவே கீழே, ஆயில் நிற்கும் சம்புக்குள் இறங்கிவிடும். சூடு ஏறாது. காலையில் வெள்ளைப் புகை வருவதும், கிராங்க் சுற்றியும் பற்றாமல் முனகுவதும் இதனால்தான். பற்றிய பிறகும் எரிந்த வாயுவில் ஒரு பங்கு அதே வழியில் கீழே போகும். பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். ஆங்கிலப் பாடநூலில் புளோ-பை.

எந்தப் போர் என்று மெக்கானிக் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள் தம்பி. நீங்களே பார்ப்பதானால், எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளைமேல் கவிழ்த்து வையுங்கள். நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் மூச்சு வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். மூடி தூக்கித் தூக்கிப் போட்டு, புகை 'தப் தப்' என்று துடித்து வந்தால் ஒரே போரில் கோளாறு. நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு போர் நொடிக்கு ஐந்து தடவை எரியும். அந்தத் துடிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு போரும் தேய்ந்திருந்தால் நொடிக்கு முப்பது. அது துடிப்பாகத் தெரியாது, ஒரே இரைச்சலாகக் கொட்டும்.

அடுத்து, போருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாஸிலின் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்த வேண்டும். டீசல் கையில் பீறாமல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். நல்ல போரில் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் தடுமாறும். கெட்ட போரில் சத்தம் பெரிதாக மாறாது, ஆனால் மூடியில் வரும் துடிப்பு சட்டென்று தணியும். இரண்டும் ஒரே போரைக் காட்டினால் அதுதான் ஆள்.

பழுது பார்க்கும் வரை ஓட்டுவதைப் பற்றி. ஆயில் குறைவதைவிட ஏறுவதுதான் ஆபத்து. எரியாத டீசல் லைனரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்கு இறங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் கூடும், ஆயில் தண்ணீராகும், பேரிங் போகும். தினமும் காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்தால் அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டாம். 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், வைத்தியம் ஆகாது. டப்பாவில் விற்கும் 'எஞ்சின் டானிக்'கை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

வழியில் நின்றுவிட்டால் அந்தப் போரை மட்டும் அணைத்துவிட்டு ஐந்து போரில் பட்டறை வரை வரலாம். பைப்பை நாஸிலிலிருந்து கழற்றி, வரும் டீசலை ஒரு கேனில் விட வேண்டும். பைப்பின் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள், டீசல் பம்புக்குள் அழுத்தம் கொடுக்கும் எலிமென்ட் வீணாகும். சுமை இல்லாமல், மெதுவாக. அடுத்த எஃப்சி வரைக்கும் இப்படியே ஓட்டலாம் என்று மாமா கணக்குப் போட்டால் தடுத்துவிடுங்கள். ஹெட்டையும் சம்பையும் இறக்கி 'ஹாஃப் எஞ்சின்' பார்ப்பதுதான் வழி. கிராங்கைக் கழற்ற வேண்டியதில்லை. மற்ற ஐந்து லைனரும் அளவில் நின்றால் ஒரு போருக்கு மட்டும் லைனர், பிஸ்டன், ரிங் போடுவதில் தப்பில்லை. புதுப் பிஸ்டனின் எடை மற்ற ஐந்தோடு ஒத்துப்போகிறதா என்று தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி சொல்.

> பின்னழுத்தம் என்றே சொல்லலாமே. பட்டறைச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு, பழகவும் எளிது.

ஐயா, இதை ஏற்க முடியவில்லை. சைலன்சர் அடைத்துக்கொண்டு புகை திரும்பி அழுத்துகிறதே, அதற்குப் பின்னழுத்தம் என்பது ஏற்கெனவே பொருந்தி நிற்கிறது. ஒரே சொல்லை இங்கேயும் வைத்தால், படித்துவிட்டு வரும் பையன் ரிங்கைப் பார்க்காமல் சைலன்சரைக் கழற்றுவான். பட்டறைச் சொல்லே வழி தவறிய சொல்தான். இங்கே எதுவும் பின்னால் போகவில்லை, கீழே போகிறது. அதன் நிழலைத் தமிழில் ஏன் சுமக்க வேண்டும்?

> ஊதுபுறக்கழிவு

இது புளோ-பை என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து தனித்தனியே தமிழாக்கி ஒட்டியது. எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். 'கழிவு' என்றதும் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

என் முன்மொழிவு: வளையக் கசிவு. எங்கே கசிகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், அதற்கு உடன்பிறப்புகள் கிடைக்கும். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, நாஸில் துளை வழியே அமுக்கக் காற்றைச் செலுத்திக் காதை வைத்துக் கேட்பார்களே, அந்தச் சோதனையில் சைலன்சரில் 'உஸ்' கேட்டாலும் ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டாலும் வால்வுக் கசிவு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட் கசிவு, ஆயில் மூடியில் கேட்டால் வளையக் கசிவு. ஒரே சோதனையின் விடைகள் ஒரே சாயலில் இருந்தால் மாணவனுக்கு மனப்பாடம் தேவையில்லை.

> கசிவு என்பது மெல்ல ஊறுவது. இத்தனை அழுத்தத்தில் வெளியேறுவதற்கு அது போதாது.

போபாலில் 1984இல் நடந்ததை நம் செய்தித்தாள்கள் விஷவாயுக் கசிவு என்றுதான் எழுதின. அதைவிடப் பலமான வெளியேற்றம் வேண்டுமா?

> எந்த மெக்கானிக் வளையம் என்று சொல்லப்போகிறார்?

சொல்ல வேண்டாம், 'ரிங் கசிவு' என்று சொல்லட்டும். பாடநூலில் வளையம், பட்டறையில் ரிங். பின்பாதி ஒன்றாக இருப்பதால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியும். இரண்டு உலகத்துக்கும் நடுவே பாலம் கிடைக்கிறதென்றால் அரைக் கலப்பை நான் பொறுத்துக்கொள்வேன். ஆடுதண்டு (பிஸ்டன்), உருளை (சிலிண்டர்) எல்லாம் எழுத்தில் எவ்வளவோ காலமாக இருக்கின்றன, பட்டறை வாசலைத் தாண்டவில்லை. (போரையும் தமிழாக்க வேண்டும் என்ற அம்மாவுக்கு: அவசரம் புரிகிறது. திருச்செங்கோட்டில் போய் 'போர் போச்சு' என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியை அனுப்பிவிடுவார்கள்.)

பேராசிரியர் ஐயா எழுப்பிய தடை ஒன்று மட்டும் வலுவானது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ வைத்த எஞ்சினில் சம்புக்குள் சேரும் வாயு முழுதும் ரிங் வழியே வருவதில்லை. டர்போ சீல் வழியாகவும் வால்வு கைடு வழியாகவும் கொஞ்சம் வரும். மீட்டர் வைத்து அளப்பது அந்த மொத்தத்தை. அதற்கு வளையக் கசிவு என்றால் தப்பாகிவிடும். எனவே கோளாறுக்கு வளையக் கசிவு, சம்பில் சேரும் வாயுவுக்குக் கசிவளி என்று பிரித்துக்கொள்ளலாம். கசிவளி வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி முக்காலத்துக்கும் பொதுவாக நிற்கும்.

மீதி இருப்பது அந்தக் கசிவளி வெளியே போகும் பிரீதர் குழாய். மூச்சுக்குழாய் என்று எழுதிப் பார்த்தேன், குழுவில் உள்ள மருத்துவர்கள் சண்டைக்கு வருவார்கள். வளிபோக்கி என்று வைத்தால், புது வண்டிகளில் அதே கசிவளியை வெளியே விடாமல் இன்டேக்குக்கே திருப்பிவிடுகிறார்களே, அதற்கும் பொருந்துமா? பேராசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சங்ககிரியிலிருந்து